மூன்றாவது மாடியும் ஒரு பூனைக்குட்டியும்

அன்புள்ள எஸ்தர்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய பனங்கிழங்கு வந்து சேர்ந்தது என்றுகூட உனக்குச் சொல்லவில்லை, இப்போது ஆடியே பிறந்துவிட்டது. நன்றாகத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். கவிதாவுக்கு ஐந்தாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் இங்கே கூட்டிக்கொண்டு வருகிறோம். நீ வரவில்லை என்றால் டார்ச் லைட் கதையை உன் மருமகளிடம் சொல்லிவிடுவேன்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பூனை.

எங்கள் படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டி பக்கத்தில், ஒரு சாம்பல் வரிப்பூனை மூன்று குட்டி போட்டது. ஏழு வீடு மாற்றும் என்பார்களே, இது எங்கும் போகாமல் அங்கேயே வைத்து வளர்த்தது. இரண்டை முதல் மாடிக்காரரின் தங்கை பல்லாவரத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் ஒன்று, பெட்டை, இரண்டு மாதம் இருக்கும். நான் பால் பாக்கெட் எடுக்க இறங்கினால் வந்து என் கால் பெருவிரல் மேல் ஒரு பாதத்தை வைக்கும், உடனே எடுத்துக்கொள்ளும், மறுபடி வைக்கும். நேற்று கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். மடியில் ஏறி, மாவு பிசைகிற மாதிரி முன்னங்கால் இரண்டாலும் மாற்றி மாற்றி சேலையை மிதித்தது, ஒவ்வொரு மிதிக்கும் நகம் நூலில் மாட்டிக்கொண்டு வந்தது. தொண்டைக்குள் குர்ர்ர் என்று ஒரு சத்தம், அந்த எலும்புக்கூட்டு உடம்புக்குள் அவ்வளவு பெரிய சத்தம். சுங்குடிச் சேலையில் பத்து இடத்தில் நூல் இழுத்திருக்கிறது. இன்னும் துவைக்கப் போடவில்லை.

“ஏட்டி, இதுக்குப் போயா யோசிக்கே, தூக்கிட்டு மேல வா” என்பாய். உனக்குக் கொல்லை இருக்கிறது, மீன்காரம்மா வாசலுக்கே வந்து தலையும் வாலும் போட்டுவிட்டுப் போகிறாள், உன் மூன்று பூனைக்கும் கதவு என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்று நாம் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறோம். காற்றில் உடம்பைத் திருப்பிக்கொள்ளும், அது சரிதான், ஆனாலும் மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்டு வருகிற பூனைகள் எத்தனையோ. பால்கனிக்கு வலை அடிக்க ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன், 4,500 ரூபாய் என்றார். அது பரவாயில்லை.

எஸ்தர், உன்னிடம் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்சி வீட்டில் எங்கள் பூனை மணி இருந்தானே, கவிதாவின் மொட்டைக்கு வந்தபோது நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தாயே. காணாமல் போய்விட்டான் என்று உனக்கு எழுதினேன். காணாமல் போகவில்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்தான், காது கொதித்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகத் தோன்றவில்லை, நமக்குக் கேட்கிறது அவனுக்கும் கேட்கும் என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை நசுக்கி மீன்குழம்பில் கலந்து கொடுத்தேன். சாயங்காலம் முகம் வீங்கிப்போனது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான், ஈறு காப்பி நிறத்தில் இருந்தது. விடிவதற்குள் போய்விட்டான். மாத்திரையால்தான் என்று எனக்கு அப்போதே உள்ளுக்குள் தெரியும். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் குட்டியை வயர்கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டுக் கட்டி, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என்னவெல்லாம் கொடுக்கக் கூடாது என்று கேட்டதும் அந்தப் பெண் டாக்டர் முதலில் சொன்னதே பாராசிட்டமால்தான். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாதாம். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடுமாம், ஒரே மாத்திரை போதுமாம். நான் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெங்காயம், பூண்டு கூடாது, லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதன் மகரந்தத்தை நக்கினால்கூட சிறுநீரகம் போய்விடும். பால் பெரும்பாலான பெரிய பூனைகளுக்குச் செரிக்காது. நாம் ஹாஸ்டலில் தயிர்சாதம் போட்டே வளர்த்தோமே, அது தப்பு. மாமிசத்தில் டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று, மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன். தாய்க்கும் சேர்த்துச் செய்துவிடுகிறேன் என்றேன், ஒன்பது வாரத்தில் அடுத்த ஈடு போட்டுவிடுமே.

இதெல்லாம் கற்றுக்கொள்ள முடிகிறது. ‘மாசமாக இருக்கும் பெண் வரும் வீட்டில் பூனையா’ என்று எதிர் ஃபிளாட்டில் கேட்டார்கள், நானும் பயந்து கவிதாவின் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கிற டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனால்தான் தொற்றும், அதனால் தினம் தவறாமல் அள்ளிவிட வேண்டும், அள்ளுவது கவிதாவாக இருக்கக் கூடாது, பூனைக்குப் பச்சை இறைச்சி போடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். சரியாக வேகாத கறியிலும், கழுவாத கீரையிலும் அதே கிருமி வருமாம். சரி, அதுவும் தீர்ந்தது.

தீராதது என் வயது. எனக்கு 57. வீட்டுக்குள் வளர்கிற பூனை 15 வருஷம் சாதாரணமாக இருக்கும், 18 கூட இருக்கும். இதற்குப் பல் விழுந்து, சிறுநீரகம் சுருங்கி, தினம் மருந்து கொடுக்க வேண்டிய காலம் வரும்போது எனக்கு 75. இது மலம் கழிக்க வைக்கிற மணலைப் பத்து கிலோ மூட்டையாக இந்தப் படியில் அன்றைக்கு யார் தூக்குவது? குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துக் கவிதா தன்னுடன் பெங்களூருக்கு வா என்பாள், நான் போகத்தான் செய்வேன். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரல் கெட ஆரம்பித்துவிடுமாம், ஆள் மாறினால் சில பூனை தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அவர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவருக்கு 62. ராத்திரியில் இதையே கணக்குப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன், என் சாவைப் பற்றிக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. அன்பு இருக்கிறது என்று எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு ஆள் தேவைப்படுகிற நேரத்தில் இல்லாமல் போனால், மணிக்குச் செய்ததைத்தான் நிதானமாக இன்னொரு தடவை செய்கிறேன் என்று தோன்றுகிறது.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கீழே பதினாறு வண்டி நிற்கிறது, மழைக்கு அது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் போய்ப் படுக்கிறது. வாட்ச்மேன் காலையில் ஒவ்வொரு வண்டியையும் தட்டிவிட்டு எடுக்கச் சொல்கிறார். எத்தனை நாள் தட்டுவார்?

அத்தை ஆடியில் புதிதாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிறார். அப்புறம் ராத்திரி படுக்கும்போது, “அது தின்னுச்சா?” என்று அவரே கேட்கிறார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சும்மா வாய்வார்த்தைக்கு வேண்டாம், உன் மகனிடமும் மருமகளிடமும் பேசிவிட்டுச் சொல். எனக்கு முடியாமல் போனால் இவளை நீயோ அவர்களோ எடுத்துக்கொள்வீர்களா? பாளையங்கோட்டைக்கு ரயிலில் கொண்டுவந்து விடுகிற பொறுப்பு கவிதாவுடையது, அவளிடம் பேசிவிட்டேன். உன்னால் முடியாது என்றால் முடியாது என்றே எழுது, நான் வேறு ஆள் பார்ப்பேன், அதற்காக நமக்குள் ஒன்றும் ஆகாது.

வலைக்காரர் வியாழக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்குள் பதில் போடு. மணி விஷயத்துக்கு என்னைத் திட்ட வேண்டும் என்றால் அதையும் எழுது.

உன்,
ராஜி