மொட்டை மாடியைத் திறந்து விடுங்கள்: அடுக்ககச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பளமில்லாத வேலை பார்க்கிறீர்கள். விடியற்காலையில் மோட்டார் ஓடாவிட்டாலும், லிஃப்ட் பாதியில் நின்றாலும் உங்கள் கைபேசிதான் முதலில் அடிக்கிறது. அது தெரிந்தேதான் எழுதுகிறேன். ஜூன் 5 வந்தால் வாட்ஸ்அப் குழுவில் பச்சை இலைப் படம் போட்டு, சுற்றுச்சூழலைக் காப்போம் என்கிறீர்கள். நாங்களும் கைகூப்பி வைக்கிறோம். ஆனால் ஒரு குடும்பம் நிஜமாகவே மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தி, குப்பையைக் குறைத்து வாழ நினைத்தால், பல இடங்களில் அதற்குக் குறுக்கே நிற்பது உங்கள் அறிவிப்புப் பலகைதான்.

துணி காயப்போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பால்கனியில் கொடி கட்டக் கூடாது, கட்டடத்தின் அழகு கெட்டுவிடும் என்று விதி. சரி, மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அங்கே பூட்டு. கேட்டால், பசங்க சிகரெட் பிடிக்கிறார்கள், டேங்க் மூடியைத் திறந்து போட்டுவிடுகிறார்கள் என்கிறீர்கள். விளைவு, வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் கொளுத்தும் ஊரில் வீட்டுக்கு வீடு டிரையர் வாங்குகிறார்கள். ஹீட்டர் வைத்த சாதாரண டிரையர் ஒரு தடவை ஓடினாலே ஏறக்குறைய இரண்டு யூனிட் போய்விடும். டேங்க் மூடிக்குத் தனியாக ஒரு பூட்டுப் போடுங்கள். நாலு இரும்புக் கம்பம் நட்டு, காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மாடிக் கதவைத் திறந்து வையுங்கள். வடகம் பிழியும் பாட்டிகளும் உங்களை வாழ்த்துவார்கள்.

குப்பை விஷயத்தில் எனக்கு வருத்தம் கொஞ்சம் அதிகம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016லேயே வந்துவிட்டன. மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என அப்போதே சொல்லிவிட்டார்கள். பல வீடுகளில் பிரிக்கவும் செய்கிறார்கள். பிரித்ததெல்லாம் கீழே பார்க்கிங் மூலையில் இருக்கும் ஒரே பெரிய தொட்டியில் ஒன்றாகக் கலக்கிறது. நாலு நாள் பார்த்தபின் எந்த அம்மா தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பார்? நகரத்துக் குப்பையைக் கொட்டும் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. சதுப்பு நிலம் 2022ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அங்கே போய்ச் சேர்வதில் பெரும்பங்கு காய்கறித் தோலும் மிஞ்சின சாப்பாடும்தான்.

அவற்றை வீட்டிலேயே உரமாக்கலாம் என்றால், நாத்தம் வரும் என்று தடை. எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டில் பால்கனியில் வைத்திருந்த மண்பானையைப் புகார் வந்தது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நாத்தம் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. ஈரம் மிஞ்சி, காற்று போகாவிட்டால்தான் வரும். ஒரு கை தோல் போட்டால் மேலே இரண்டு கை சருகு போட வேண்டும். துவக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, இரண்டு நாளைக்கு ஒரு தரம் கிளறிவிட்டால் போதும். ஒன்றரை இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும். சருகுக்கு எங்கே போவது? உங்கள் காம்பவுண்டில் நிற்கும் வாதுமை மரத்தடிக்குத்தான். அந்த இலையைத் தினமும் கூட்டி, கறுப்புப் பையில் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறீர்கள். வாதுமை இலை தடிப்பு, நொறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிங்கில் தனித்தனித் தொட்டிகள், சருகுக்கு ஒரு கூண்டு, பெருக்கும் அக்காவுக்கு இந்த வேலைக்கென்று தனியாக ஒரு தொகை. அந்தத் தொகையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பொங்கல் விழாவில் நீங்கள் தரும் காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. சங்கத்துக்கென்று எவர்சில்வர் டம்ளர் ஒரு தடவை வாங்கிவைத்தால் வீட்டு விசேஷங்களுக்கும் இரவல் போகும்.

தண்ணீருக்கு வருகிறேன். லாரித் தண்ணீர் செலவைச் சதுர அடிக் கணக்கில் பங்கு போடுகிறீர்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கிற வீடும், ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுகிற வீடும் ஒரே கட்டணம் கட்டுகின்றன. (அந்த ஆர்ஓ கழிவை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு அதிகம்.) வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்தால் இது சரியாகும். பழைய கட்டடங்களில் ஒவ்வொரு குளியலறைக்கும் தனிக் குழாய் இறங்குவதால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும், செலவு அதிகம் என்பது உண்மைதான். மீட்டர் வைக்கும்வரை குழாய்களுக்கு, தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடும் ஏரேட்டர் மூடியாவது மொத்தமாக வாங்கிப் பொருத்துங்கள். ஓட்டம் குறைவது கைக்குத் தெரியாது, மாதக் கடைசியில் லாரிக் கணக்கில் தெரியும்.

சோலார் விஷயத்தில் உங்களுக்கே லாபம் இருக்கிறது. மாடியில் சோலார் தகடு வைக்க மத்திய அரசு உதவும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது மின்தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. லிஃப்டும் மோட்டாரும் பகலில் ஓடும் மின்செலவு குறையும்.

கடைசியாக, மழைநீர்க் குழி. 2003ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் தோண்டினார்கள். பிறகு பார்க்கிங்குக்கு டைல்ஸ் போடும்போது பல இடங்களில் அதன்மேலேயே ஒட்டிவிட்டார்கள். மூடி தெரிகிற இடங்களிலும் கூழாங்கல்லுக்கு நடுவே சேறு இறுகிக்கிடக்கிறது. மழைத்தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. செப்டம்பர் முடிவதற்குள் குழியைத் திறந்து, கல்லை வெளியே எடுத்துக் கழுவி, சேற்றை வாரிவிட்டு, மாடியிலிருந்து வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை.

இவற்றை அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். 'இதர விஷயங்கள்' என்ற கடைசி வரிக்குத் தள்ளினால், அதற்குள் பாதிப்பேர் சமோசாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் பராமரிப்புக் கட்டணம் கட்டிவிடும் ஒரு மூன்றாம் மாடிக்காரி