அப்பாவின் பெயர்

அபெரிஸ்ட்வித், வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் உங்கள் பெயர் இருப்பதால் ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் என்னை உங்கள் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள் என்றேன். "உன் பேரே போச்சேம்மா" என்று போனில் வருத்தப்பட்டீர்கள். வருத்தப்படாதீர்கள் அப்பா. இந்த ஊர்க்காரர்கள் கதையும் இதேதான்.

முன்பு வேல்ஸ்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போல அப்பா பெயர்தான். மகன் என்றால் 'ஆப்', மகள் என்றால் 'வெர்க்'. பாட்டன் பூட்டன் வரை 'ஆப்' போட்டு அடுக்குவார்களாம். 1536, 1543 சட்டங்களால் இங்கிலாந்தின் நீதிமுறை வந்தது. பிறகு, முதலில் வசதியானவர்கள் ஆங்கிலேயர் போல நிலையான பெயர் வைத்துக்கொண்டார்கள். கிராமங்களில் 1800கள் வரைகூட பழைய வழக்கம் இருந்தது. அப்படித்தான் 'ஆப் ஹவெல்' பவல் ஆனது, 'ஆப் ரீஸ்' ப்ரைஸ் ஆனது. ஓவைன் மகன் போவன். 'கம்பம்' என்ற சொல்லில் வரும் 'ப' போல அங்கே 'ஆப்' ஒலி மெலிந்துவிட்டது. பட்டப்பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு: லாய்ட் என்றால் நரைத்தவர், வான் என்றால் சின்னவர்.

ஜோன்ஸ் என்பது ஜானின் பிள்ளை. எங்கள் வார்டிலேயே மூன்று ஜோன்ஸ்! கிராமத்தில் குழப்பம் வராமல் இருக்க, பால் ஊற்றுகிறவர் 'ஜோன்ஸ் த மில்க்'. விவசாயி என்றால் பெயரோடு பண்ணை வீட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

வீட்டுப் பெயர்கள்தான் எனக்கு உயிர். நாங்கள் குடிவந்தபோது வாசல் தூணில் பாசி பிடித்த ஒரு சிலேட்டுக் கல் இருந்தது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, உளியால் வெட்டிய எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது: 'ப்ரின் ஆவெல்'. ப்ரின் குன்று, ஆவெல் தென்றல். அன்று சாயங்காலமே ஜன்னல் தடதடத்தது; தென்றல் இல்லை, கடல்காற்று!

பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போகிறேன். 'டீ க்வின்' வெள்ளை வீடு. 'ஹென்ட்ரெ' பள்ளத்தாக்கில் குளிர்காலம் கழித்த பழைய வீடு, 'ஹாவொட்' மே முதல் மாடுகளை மலைக்கு ஓட்டிப் போய்த் தங்கிய கோடைக் குடில். மாடுகள் இறங்கிப் பல காலமாகியும் மலையில் அந்தப் பெயர் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் நம் கிணத்தடி வீடு ஞாபகம் வருகிறது. கிணற்றைத் தூர்த்து எத்தனை வருஷம் இருக்கும்? தபால்காரர் இன்னும் அப்படித்தானே சொல்கிறார்?

ஒரு காரியம் செய்யுங்கள் அப்பா. பங்குனியில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. 'ஆப்' போட்டு அடுக்கிப் பார்த்தேன்: நான், நீங்கள், தாத்தா. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவின் அப்பா பேர், அவருடைய அப்பா பேர், ஞாபகம் இருக்கிற வரை எழுதி அனுப்புங்கள். பெண்கள் பேரையும் அத்தையிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்