ஓவியத்தின் அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இணைப்பில் ஓவியங்களுக்கும், படங்களால் கதை சொல்லும் கிராஃபிக் நாவல்களுக்கும் தொடர்ந்து இடம் தருகிறீர்கள், மிக்க நன்றி. அவற்றை அச்சிடும் விதத்தில் சில மாற்றங்கள் தேவை.

படத்தின் கீழே ஓவியர் பெயரோடு உயரம், அகலம், எதன்மீது எந்த வண்ணத்தால் வரையப்பட்டது ஆகியவற்றையும் போடுங்கள். ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலியின் உருகும் கடிகாரங்கள் கொண்ட ஓவியத்தை அச்சில் மட்டும் பார்த்தவர்கள் அது ஒரு சுவரையே அடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். 1931இல் வரைந்த அந்தக் கித்தான் 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம்தான், ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டிய படம் அது. பொதுவாக ஓவியத்தின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தள்ளி நின்றால் முழு அமைப்பும் கண்ணுக்குள் அடங்கும். பிறகு நெருங்கவேண்டும், அதன்பின் பக்கவாட்டில் நகரவேண்டும். சாய்வாக விழும் ஒளியில்தான் தூரிகைத் தடமும் வண்ணத்தின் தடிப்பும் தெரியும். அளவு தெரியாமல் இதில் எதையும் வாசகர் கற்பனைகூடச் செய்ய முடியாது.

பத்தியில் அடங்கவில்லை என்று ஓரங்களை வெட்டுவதையும் நிறுத்துங்கள். டாலியின் படத்தில் கடிகாரங்களை மட்டும் நறுக்கி எடுத்தால், பின்னால் வெளிச்சம் விழும் பாறையும் வெறிச்சோடிய கரையும் போய்விடும். அந்த வெறுமையில் கிடப்பதால்தான் கடிகாரங்கள் நம்மைத் தொந்தரவு செய்கின்றன.

கனவில்போலப் பொருந்தாதவற்றை ஒன்றுசேர்க்கும் சர்ரியலிசப் பாணிக் கிராஃபிக் நாவல்களுக்கு முன்னோடியான நூல், ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் 'ஒரு வாரக் கருணை'. அதை எடுத்துக்கொள்வோம். 1934இல் பாரிஸில் 5 சிறு நூல்களாக வந்தது, மொத்தம் 182 படங்கள், உரையாடல் கிடையாது. 19ஆம் நூற்றாண்டு மலிவு நாவல்களிலும் இதழ்களிலும் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டிச் செய்தவை. எல்லாப் படங்களும் ஒரேவிதமான மெல்லிய கோடுகளால் ஆனவை என்பதால் ஒட்டிய இடம் எளிதில் தெரியாது. நிழலைக் கவனித்தால் பிடிபடும்: அறையில் ஒளி ஒருபக்கமிருந்து வரும், ஒட்டிய தலையில் வேறு பக்கமிருந்து. காரணம் புரியாமலே நமக்கு ஏற்படும் சங்கடத்துக்கு இந்த முரணும் ஒரு காரணம்.

இத்தகைய நூலை முதல்முறை எங்கும் நிற்காமல் புரட்டவேண்டும். மறுமுறை ஒரே ஒரு பொருளை, உதாரணமாகச் சிறகுகளை, பக்கம் பக்கமாகத் தொடரவேண்டும். அறிமுகக் கட்டுரைகளோ பறவை என்றால் விடுதலை, தண்ணீர் என்றால் ஆழ்மனம் என்று அகராதி போடுகின்றன. எர்ன்ஸ்டின் நூலில் பெண்ணின் பாதத்தைக் கத்தியால் குத்துபவனுக்கும் பறவைத் தலைதான். எந்த விடுதலையை அங்கே பொருத்துவது?

அச்சுப் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோட்டுப் படங்களைப் புகைப்படம்போல் புள்ளித்திரையில், அதாவது சாம்பல் நிறங்களை நுண்புள்ளிகளாக்கும் முறையில், அச்சிட்டால் கோடுகளும் புள்ளிகளும் மோதி அலையலையான பட்டைகள் தோன்றும். சாம்பல் நிறமில்லாத தூய கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக, 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். சிறிதாக்கவும் வேண்டாம், செய்தித்தாளில் மை பரவி நெருங்கிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். இடம் போதாவிட்டால் மூன்று படங்களுக்குப் பதில் ஒன்றை மட்டும், வெட்டாமல் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓவிய ஆர்வலர் ஒருவர்