'கெட்' பற்றி ஏற்காட்டுக்கு ஒரு கடிதம்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள செல்வராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குண்டு மாம்பழ வரத்து தொடங்கிவிட்டது, வெயிலும் கூடவே. மலைமேல் இருக்கிறவனிடம் வெயிலைப் பற்றிப் புலம்பி என்ன பயன்!

மாலை வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'கெட்' (get) வந்தாலே முழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 'பெறு' என்று ஒரே பொருளைப் பலகையில் எழுதிப்போட்டால் முழிக்கத்தான் செய்வார்கள். அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கச் சொல். பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்கிவருவது: 'காட் எ லெட்டர்' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்), 'கெட் மீ எ காபி'. பண்பைச் சொல்லும் சொல் வந்தால் மாற்றம். 'இட் இஸ் கோல்ட்' என்றால் குளிராக இருக்கிறது, 'இட் இஸ் கெட்டிங் கோல்ட்' என்றால் குளிர் ஏறுகிறது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இடம் வந்தால் போய்ச்சேர்வது: 'கெட் டு ஏற்காடு'. ஆனால் 'கெட் ஹோம்' என்பதில் 'டு' கிடையாது. அங்கே 'ஹோம்' என்றாலே 'வீட்டுக்கு'தான். 'டு' சேர்த்தால் 'வீட்டுக்குக்கு' என்றாகிவிடும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வேறிடத்தில். 'நேத்து முடி வெட்டினேன்' என்றால் சலூனுக்குப் போனதாகத்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரியை நீயே எடுத்ததாக ஆகிவிடும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்ல வேண்டும். முதலில் 'காட்', பிறகு பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசை மாறி 'ஐ காட் ஸ்டிச்டு மை ஷர்ட்' என்று எழுதுவார்கள், கவனி. தைத்தவரையும் சொல்ல வேண்டுமானால் 'டு' வரும்: 'ஐ காட் தி டெய்லர் டு ஸ்டிச் இட்'. அதே இடத்தில் 'மேட்', 'ஹேட்' போட்டால் 'டு' போய்விடும், பொருளும் நகரும். 'மேட்' என்றால் விடாமல் தைக்க வைத்தேன். 'ஹேட்' என்றால் சொன்னேன், தைத்தார், அது அவர் தொழில். 'காட்' என்றால் பேசிக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் டெய்லரிடம் செல்லுபடியாவது இந்த 'காட்' மட்டும்தான்.

பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்பது நம் நாட்டில் கண்டக்டர் முதல் கலெக்டர் வரை புழங்குவது. லண்டன்காரர் காதில் 'குனி' என்று விழக்கூடும். பஸ், ரயில், பைக் என்றால் 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காருகிற கார், ஆட்டோ என்றால் 'கெட் அவுட் ஆஃப்'.

கல்யாணத்துக்கு 'காட் மேரீட் டு', 'வித்' அல்ல. வளைவில் லாரி மாட்டிக்கொண்டால் 'காட் ஸ்டக்'. பேச்சுக்கு இதெல்லாம் சரி. அலுவலகக் கடிதத்தில் மட்டும் 'ரிசீவ்', 'பிகம்', 'அரைவ்' என்று பிரித்து எழுதச் சொல்.

'காட்டன்' பற்றிக் கேட்டிருந்தாய், துணி இல்லை, 'கெட்'டின் மூன்றாம் வடிவம். அது அமெரிக்க வழக்கு. அவர்களுக்கு 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ்காரர்களுக்கு இரண்டுக்கும் 'காட்'தான். உன் பிள்ளைகளும் அதோடு நிற்கட்டும், தேர்வில் குழப்பம் வராது.

மிளகு விலை எப்படி, எழுது.

அன்புடன்,
ராமு