எண் காற்றுக்கு, மழைக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸ் புயல்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், மணிலாவுக்கு 1-ம் எண் எச்சரிக்கைதான் என்பதால் பெரிய ஆபத்தில்லை என்ற தொனி இருந்தது. நம் துறைமுகக் கூண்டு எண்களைக் கேட்டுப் பழகியவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்நாட்டு வானிலை மையமான பகாசா தரும் 1 முதல் 5 வரையிலான எண்கள் காற்றை மட்டுமே சொல்பவை. மணிக்கு 39 முதல் 61 கி.மீ. காற்று 36 மணி நேரத்துக்குள் வரலாம் என்றால் 1, 185 கி.மீ.யோ அதற்கு மேலோ என்றால் 5. புயல் நெருங்க நெருங்க அதே ஊருக்கு எண் கூடும். மழைக்கு வேறு கணக்கு: ஒரு மணி நேரத்தில் 7.5 மி.மீ.க்கு மேல் மஞ்சள், 15-க்கு மேல் ஆரஞ்சு, 30-ஐத் தாண்டினால் சிவப்பு.

2009 செப்டம்பர் 26 அன்று மணிலாவை மூழ்கடித்த கெட்சானா புயல் (அங்கே 'ஓண்டோய்' என்பார்கள்), மணிலா இருக்கும் லூசோன் தீவைக் கடந்தபோது டைஃபூன் (கடும்புயல்) தரத்தைக்கூட எட்டவில்லை. கொட்டியதோ 24 மணி நேரத்தில் 455 மி.மீ.; அதில் 341 மி.மீ. வெறும் ஆறு மணி நேரத்தில். நம் கணக்கில் சொன்னால், ஒரு கிரவுண்டு மனை மேல் ஒரு லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எட்டுக்கு மேல். மணிலாப் பகுதியில் ஓடும் மரிகினா ஆறு வீட்டுக் கூரைகளைத் தொட்டது.

புயல் கரையேறாமலேயே வெள்ளம் வருவதுதான் இன்னும் பெரிய குழப்பம். தென்மேற்குப் பருவக்காற்றை அங்கே 'ஹபாகட்' என்கிறார்கள். லூசோனுக்கு வடக்கிலோ வடகிழக்கிலோ ஒரு புயல் சுழன்றால், அது இந்த ஈரக்காற்றைத் தன் பக்கம் இழுக்கும். காற்று லூசோன் மலைகளில் மோதி மழையாகக் கொட்டும். 2024 ஜூலையில் கேமி புயல் தைவானுக்குப் போய்க்கொண்டிருந்தபோது மணிலா மூழ்கியது இப்படித்தான். மரிகினா ஆற்றின் நீர்மட்டம் 20 மீட்டரைத் தாண்டியது. புயலின் பாதைப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு மணிலா பத்திரமாகத்தான் தெரிந்திருக்கும்.

கட்டுரையில் 'கடல் சீற்றத்துடன் காணப்படும்' என்ற சொற்றொடர் மூன்று இடங்களில் வருகிறது. 2013 நவம்பர் 8-ல் டக்லோபான் நகரம் உயிர்களைப் பறிகொடுத்ததும் இப்படியொரு சொல்லால்தான். ஹையான் புயலுக்கு முன் 7 மீட்டர் வரை 'ஸ்டார்ம் சர்ஜ்' (புயலால் கடல் உயர்ந்து ஊருக்குள் ஏறுவது) வரலாம் என்று எச்சரித்தும், பலருக்கு அது என்னவென்றே புரியவில்லை. சுனாமி என்றிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் தப்பியவர்கள். புயல் மையத்தின் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு செ.மீ. உயரும். ஹையானில் அந்தக் கணக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். மீதியெல்லாம் காற்று தள்ளிவந்த நீர். ஆழம் குறைந்து, உள்ளே போகப்போகப் புனல்போல் ஒடுங்கும் வளைகுடாவின் முனையில் இருக்கிறது ஊர். முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று நீரை வெளியே தள்ளியது, கடல் உள்வாங்கியது. காற்று திசை மாறியதும் 5 மீட்டருக்கு மேல் திரும்பி வந்தது. முகாம்களின் தரைத்தளத்தில் தங்கியிருந்தவர்களும் இறந்தார்கள். மொத்த உயிரிழப்பு 6,300. 'சீற்றம்' என்று படிப்பவர் படகைத்தான் கட்டிவைப்பார், வீட்டைக் காலி செய்ய மாட்டார்.

மருத்துவம் படிக்கப் பிள்ளைகளைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பிய பெற்றோர் தமிழ்நாட்டில் நிறைய. அவர்கள் புயல் எண்ணோடு மழை நிறத்தையும் கடல் எத்தனை மீட்டர் உயரும் என்பதையும் கேட்க வேண்டும். பிள்ளை மரிகினா கரையில் இருந்தால் ஆற்று அளவையும். அங்கே 15 மீட்டருக்குத் தயாராக வேண்டும், 16-ல் வெளியேற வேண்டும், 18-ல் கட்டாய வெளியேற்றம். 18 வரை காத்திருந்தால் தெருவில் நீர் ஓடும். முழங்கால் அளவுகூட வேண்டாம், அரை அடி வேகநீரே ஆளைச் சாய்த்துவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல். வெள்ளத்தில் இறங்கி நடந்தவருக்குக் காலில் புண் இருந்தால் ஆபத்து அதிகம். அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போய்த் தடுப்பு மாத்திரை (டாக்சிசைக்ளின்) தேவையா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் வெள்ளத்தில் நடந்ததே மறந்துபோயிருக்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் சாதாரண காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்த புயல் செய்தியில் 'கடல் சீற்றம்' என்பதற்குப் பதிலாக, 'கடல்நீர் 16 அடி வரை ஊருக்குள் ஏறலாம். முதல் மாடியும் மூழ்கலாம்' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கடலூர்