'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்

எங்கள் ஊர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். உங்கள் ஓ.பி. சீட்டு இன்றைக்கும் என் அச்சகத்தில்தான் அச்சாகிறது. அதனால்தான் ஊர்ப் பெயரோ ஆஸ்பத்திரிப் பெயரோ இதில் போடவில்லை. உங்களுக்குப் படித்ததுமே புரிந்துவிடும். மற்றவர்களுக்குப் புரிய வேண்டியதில்லை.

போன ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள், திங்கட்கிழமை ராத்திரி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மணி பதினொன்று. திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். உங்கள் வாசலுக்கு ஆட்டோவில் ஏழு நிமிடம். டூட்டி டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தார். நிமோனியா என்றார்கள். இரண்டு நாள் ஆக்சிஜன், ஆறு நாள் ஊசி, பிறகு அம்மா தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தி, "ஆச்சி, இன்னும் ரெண்டே வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கஞ்சி ஊட்டியதைத் தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இனி காசு.

முதல் ராத்திரி பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினேன். மறுநாள் காலையில் கவுன்டரில் கேட்டேன்: "மொத்தம் எவ்வளவு வரும்?" "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதல்ல ஆச்சி குணமாகட்டும்" என்றார்கள். புதன்கிழமை வார்டில் கேட்டேன். அதே பதில். வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமே கேட்டேன். "ஆபீஸ்ல சொல்வாங்க" என்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவரும் எரிந்து விழவில்லை. தருமத்துக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி என்பதால் படுக்கை அருகே காசு பேசுவதை அநாகரிகம் என்று நினைக்கிறீர்கள் போல. அந்த நாகரிகத்துக்கு நாங்கள் வட்டி கட்டுகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றார். பில் கைக்கு வந்தது மதியம் மூன்றரைக்கு. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டதால் அன்றைக்கும் அறை வாடகை 900 ரூபாய் ஏறியிருந்தது. பில் தயாராகும் வரை நாங்கள் காத்திருந்த நேரத்துக்கு நாங்களே கட்டிய வாடகை அது! மொத்தம் 41,860. அட்வான்ஸ் போக 31,860.

ஞாயிற்றுக்கிழமை கூட்டுறவுச் சங்கம் கிடையாது. மற்ற நாளாக இருந்தால் அங்கே நகையை வைத்து, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டியில் பணம் வாங்கியிருப்பேன். அன்று திறந்திருந்தது பஜாரில் ஒரு அடகுக் கடை மட்டும். வட்டி இரண்டரை ரூபாய். என் மனைவியின் வளையல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே "சுமார் நாற்பது வரும், தயார் பண்ணிக்கோங்க" என்று ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் போதும். தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமான வரம்பு 1,20,000. கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் போகிற காலத்தில் என் அச்சகம் அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்ற பயமில்லை. அட்டையை முதல் நாளே காட்டினேன். வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமைதான், உங்கள் ஆஸ்பத்திரி சில பிரிவுகளுக்கு மட்டுமே அந்தத் திட்டத்தில் இருக்கிறது, இந்த வைத்தியம் அதில் வராது என்று தெரிந்தது. சரி, வராது என்றால் வராது. அதை முதல் நாள் சொல்வதில் என்ன கஷ்டம்? சொல்லியிருந்தால், ஆக்சிஜன் எடுத்த பிறகாவது ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்திருப்போம். போயிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது நாங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பீடி சுற்றும் அம்மா, பேத்தியின் காய்ச்சலுக்காக வந்தவர். பில்லை என்னிடம் நீட்டி வாசித்துக் காட்டச் சொன்னார். முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் 'இதர' என்று ஒரு வரி, அதற்கும் ஒரு தொகை. "அது என்னதுய்யா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. என் பில்லிலும் அதே வரி இருந்தது, 3,120 ரூபாய். கவுன்டரில் கேட்டதற்கு கையுறை, பஞ்சு, ஃபைல் கவர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் அச்சகம் நடத்துகிறவன். ஃபைல் கவர் என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

எதிர்க் கட்டிலில் ஓர் ஆட்டோக்காரர். சர்க்கரை, காலில் புண். அவரும் எவ்வளவு ஆகும் என்று கேட்டார், அவருக்கும் 'அப்புறம்'தான் கிடைத்தது. மூன்றாம் நாள், தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். "லட்சத்துல வந்து நிக்கும்ணே" என்றார் என்னிடம். என் கணக்குப்படி முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது. தை மாதம் அவரைப் பார்த்தபோது காலில் இரண்டு விரல் இல்லை. உங்களால் என்று சொல்ல வரவில்லை. புண் என்ன ஆகியிருக்கும் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். ஆனால் அவரைத் துரத்தியது பில் அல்ல, பில் எவ்வளவு என்று தெரியாததுதான். அதை என் கண்ணால் பார்த்தேன்.

இதையெல்லாம் நானாகக் கிளப்பவில்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே, கட்டணத்தை வைத்தியத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், பாதியில் அல்ல என்று இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் வரைவாக வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனமும், முக்கியமான கட்டணங்களை உள்ளூர் மொழியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. மருந்தை எங்கே வாங்குவது என்பதும் நோயாளியின் விருப்பம் என்கிறது அதே சாசனம். என் பில்லில் மருந்து மட்டும் 16,740. வீட்டுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை முதல்வர் மருந்தகத்தில் வாங்கினேன், உங்கள் மருந்துக் கடையில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. உள்ளே இருக்கும்போது வெளியே வாங்கலாமா என்று கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை, ஊசியோடு படுத்திருப்பது அம்மா அல்லவா.

நுகர்வோர் நீதிமன்றம் போ, மருத்துவத் துறை இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடு என்று நண்பர்கள் சொன்னார்கள். போகவில்லை. அடுத்த மழைக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவேன். உங்கள் கஷ்டமும் கொஞ்சம் தெரியும். நன்கு பழகிய நர்ஸ்கள் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள், டாக்டர்கள் இந்த ஊரில் தங்க மறுக்கிறார்கள், ஜெனரேட்டருக்கு டீசல் யாரும் தானம் தருவதில்லை. காசு வாங்காதீர்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

நுழைவாயிலில் பளிங்குக் கல்லில் நன்கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன, ரூபாயோடு. டியூப் லைட் வாங்கித் தந்தவர் பெயர்கூட அதன் மேலேயே இருக்கிறது. ஊர் கொடுத்த தொகையைக் கல்லில் வெட்டியவர்கள், ஊரிடம் வாங்கும் தொகையை ஒரு தகரப் பலகையில் எழுதி வைக்கலாம். அப்புறம், தினமும் சாயங்காலம் அன்றுவரை ஆன தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிலருகே கொடுக்கலாம். கணினி வந்துவிட்டது, ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். காப்பீடு வருமா வராதா என்பதை மறுநாள் காலைக்குள் சொல்லுங்கள். டாக்டர் போகச் சொன்ன பிறகு ஏறும் வாடகையையும், அந்த 'இதர'வையும் நீங்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பலகைக்கும் துண்டுச் சீட்டுக்கும் வேண்டிய பட்டியலைத் தமிழில் எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவையுங்கள். எழுத்துப் பெரிதாக, கண்ணாடி இல்லாமலே வாசிக்கிற மாதிரி அடித்துத் தருகிறேன். கூலி வேண்டாம். 'உபயம்' என்று கீழே என் பெயரையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓ.பி. சீட்டு அச்சடிப்பவன்