போட்டோ வைத்துக்கொள்வதில்லையாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முக அடையாளத் தொழில்நுட்பம் பற்றி வருகிற செய்தியெல்லாம் குற்றவாளி பிடிபட்டான், வரிசை குறைந்தது என்கிற ரகமாகவே இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் நிற்கிறவன் பாடு என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கும் இயந்திரம் வைத்தார்கள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்தால் அதற்கு ஆளே தெரியாது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு பல காலைகள் நின்றிருக்கிறேன். சரி, அது போகட்டும். வேலையை விட்டு வரும்போது என் முகப் பதிவை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "போட்டோ எதுவும் நாங்க வெச்சுக்கறதே இல்ல சார்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை, வம்பே அதில்தான். இந்த இயந்திரம் முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது, அடுத்து வருகிற முகத்தின் எண்கள் அதற்கு நெருக்கமாக இருந்தால் அதே ஆள் என்கிறது. போட்டோவை அழித்தாலும் எண்கள் இருந்தால் நான் அங்கே இருக்கிறேன் என்றுதான் அர்த்தம். அந்த எண்கள் எங்கே என்று கேட்டேன். "அது மெஷின் கொடுத்த கம்பெனிகிட்ட இருக்கும்" என்றார், 'இருக்கும்' என்பதை அவரும் ஊகமாகத்தான் சொன்னார்.

அழிக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 நவம்பரில் ஃபேஸ்புக் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எழுத்துபூர்வ சம்மதம் வாங்காமல் ஒருவரின் முகப் பதிவை எடுக்கக் கூடாது, எடுத்த நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று 2008லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் கிளியர்வியூ ஏஐ என்ற நிறுவனம் இணையத்தில் கிடக்கிற படங்களை, யாரையும் கேட்காமல், ஆயிரக்கணக்கான கோடிகளில் அள்ளி வைத்துக்கொண்டு போலீசுக்குத் தேடிக் கொடுக்கிறது. பத்து வருடம் முன்பு கல்யாண வீட்டில் யாரோ எடுத்த படத்தில் ஓரமாக நின்றிருந்தால்கூடப் போதும்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீசார் 2020 ஜனவரியில் ஒருவரை மனைவி, மகள்கள் கண்ணெதிரே கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள். கடையில் கைக்கடிகாரம் திருடியவனின் மங்கலான வீடியோவோடு கணினி அவர் முகத்தைப் பொருத்திவிட்டது, அவ்வளவுதான். ஏறக்குறைய 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் செய்த தப்பு என்ன?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முகம் காட்ட விரும்பாதவருக்கு அட்டையோ கையெழுத்தோ இருக்கட்டும். வெளியேறுகிறவருக்கு, எண்களையும் சேர்த்து அழித்தோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஒரு வரிக்காக நான் இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்